இரைப்பையில் சிக்கிய சினம்

ஆங்கிலம் நாகரிக மொழி. அதன் சொற்கள் இழைத்து மெருகிட்டவை. சினத்தைக்கூட அது செப்பமாகச் சொல்லும். தமிழோ, சினம் வந்தால் மாட்டின் கொம்பையும் பாம்பின் படத்தையும் தேளின் கொடுக்கையும் இழுத்துக்கொண்டு வரும் பட்டிக்காட்டு மொழி! இவ்வாறு உரைப்போர் தமிழ்நாட்டில் இன்றும் குறைந்தாரல்லர். தமிழில் ஒரு சொற்றொடரைத் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பதையே கல்வியின் அடையாளமாகக் கருதும் இவர்கள், ‘கொம்பு சீவி விடுகிறான்’ என்று ஓர் உழவன் சொன்னால் முகஞ் சுளிப்பர். அதனினும் பச்சையான ஒன்றை ஆங்கிலேயன் சொன்னாலோ, அஃது யாதென்றே அறியாமல் அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து உருப்போடுவர்.

இவர்தம் கூற்றுக்கு மறுமொழி கூறத் தமிழ்நூல் எதனையும் முதலில் எடுக்க வேண்டுவதில்லை. அவர்கள் தொழும் ஆங்கிலமே போதும். மனக்கசப்பையும், ஆற்றாமையையும், அடக்கிவைத்த சினத்தையும் குறிக்க அம்மொழி எங்கிருந்து சொல்லெடுத்தது என்று ஒருமுறை துருவிப் பார்ப்பவர், அரண்மனை வாயிலிற் போய் நிற்கமாட்டார். கோழிக்கூண்டிலும் குதிரைக் கொட்டிலிலும் பன்றிப்பட்டியிலுமே போய் நிற்பார்.

கோழிக்கூண்டும் குதிரைக் கொட்டிலும்

பொறுக்கவொண்ணாத முறைகேட்டைக் கண்டவிடத்து ஆங்கிலேயன், ‘இஃது என் கிராவில் சிக்கிக்கொண்டது’ என்பான். கிரா என்பது யாது? கோழி, புறா முதலிய பறவைகளின் கழுத்தடியில் உள்ள இரைப்பை. பறவைக்குப் பல் இல்லை. கொத்திய கூலத்தை அது மெல்லாமலே விழுங்கும். விழுங்கியது முதலில் இப்பையில் தங்கி ஊறும். பின்னரே கீழிறங்கி, பறவை விழுங்கிய சிறுகற்களின் துணையோடு அரைபடும் தசைப்பையை அடையும். நீண்ட புல்லோ நாரோ இரைப்பையில் திரண்டு அடைத்துக்கொண்டால் உள்ளதும் இறங்காது, புதியதும் புகாது. தீனியின் நடுவிலேயே பறவை பட்டினி கிடக்கும். கோழி வளர்ப்போர் அனைவரும் இதனைக் கண்டிருப்பர். விழுங்கவும் முடியாமல் உமிழவும் முடியாமல் நெஞ்சடியில் நிற்கும் மனக்குறைக்கு இதனினும் பொருந்திய உவமை வேறு யாது? இச்சொல்லைப் படைத்தவன் கல்லூரியில் பயின்றவன் அல்லன். காலையில் கோழிக்குத் தீனி போட்டவன்.

ஒருவன் பேச்சு மற்றொருவனைச் சீண்டிற்று எனின், அவனுடைய ‘ஆக்கில்கள்’ எழுந்தன என்பர். சேவலின் கழுத்தைச் சுற்றித் தொங்கும் நீண்ட மெல்லிறகுகளே ஆக்கில்கள். நாயின் பிடரிமயிருக்கும் அப்பெயர் உண்டு. இரு சேவல்கள் எதிரெதிர் நின்று, தலைதாழ்த்தி, கழுத்திறகைக் குடைபோல் விரித்துச் சிலிர்க்கும் காட்சி தமிழருக்கும் புதிதன்று. இங்கிலாந்தில் சேவற்போர் 1835ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுக்கப்பட்டது. களத்தினின்று சேவல் போய்விட்டது, சொல்லினின்று போகவில்லை.

சினத்தோடு எதிர்த்து நிற்பதற்கு ‘பிரிசில்’ என்பது இன்னொரு சொல். பன்றியின் முரட்டுமயிருக்குரிய பெயர் அது. அம்மயிர் நிமிர்ந்து நிற்பது போல் ஒருவன் நிமிர்ந்தான் என்பது பொருள். ஒருவனைச் சினமூட்டினால் அவன் ‘முதுகை உயர்த்தினான்’ என்பர். நாயைக் கண்ட பூனை முதுகை வில்லாக வளைப்பதை எண்ணிச் சொன்னது. இழிவு கண்டு தலையை வெடுக்கென்று பின்வாங்கி மோவாயை உள்ளிழுப்பவனைக் கடிவாளம் இழுக்கப்பட்ட குதிரையாகக் காட்டும் சொல்லும் அம்மொழியில் உண்டு.

‘கால்’ என்று ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லொன்று உள்ளது. தமிழ்க்காலோடு அதற்கு உறவில்லை. ஈரலிற் சுரக்கும் கைப்பான பித்துநீரை அது குறிக்கும். அதனாலேயே தீராக் கசப்பையும் குறிக்கும். சேணம் உராய்ந்து குதிரையின் முதுகில் உண்டாகும் புண்ணுக்கும் அதே ஒலியுடைய பெயரே வழங்குகின்றது. ஒரு செய்தி தன்னை உறுத்தி வருத்துகின்றது என்று ஆங்கிலேயன் இச்சொல்லால் கூறும்போது, சேணப்புண் மேல் மீண்டும் சேணம் ஏற்றப்பட்ட குதிரையாகவே தன்னைக் காட்டுகின்றான். நாட்சென்றும் ஆறாமல் உள்ளே சீழ்வைக்கும் மனப்புண்ணைக் குறிக்கும் ‘இராங்கிள்’ என்னும் சொல்லோ, பழைய பிரெஞ்சு வழியாக, ‘சிறு பாம்பு’ என்று பொருள்படும் இலத்தீனச் சொல்லினின்று வந்தது. உள்ளே அரிக்கும் புண்ணைப் பாம்புக்குட்டியாகக் கண்டனர் அக்கால மக்கள்.

இவற்றோடு மண்ணீரலும் சேரும். உள்ளிருந்த எரிச்சலை எல்லாம் ஒருவன் கொட்டித் தீர்த்தால், அவன் தன் மண்ணீரலைத் திறந்துவிட்டான் என்பது ஆங்கில வழக்கு. மனச்சோர்வுக்கும் சிடுசிடுப்புக்கும் மண்ணீரலே இருப்பிடம் என்று பழைய மருத்துவர் நம்பினர். இத்தகைய நோய்கள் ஆங்கிலேயர்க்கே உரியவை என்னும் பேச்சு அன்றைய ஐரோப்பாவில் பரவியிருந்தமையால், சார்சு செய்ன் என்னும் மருத்துவர் 1733ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலுக்கு ‘ஆங்கில நோய்’ என்றே பெயரிட்டார்!

இச்சொற்கள் சந்தையில் மட்டும் வழங்குவன அல்ல. பாராளுமன்றத்தில் பேசுவோரும், தலையங்கம் எழுதுவோரும், மெய்ப்பொருள் நூல் எழுதுவோரும் இவற்றை ஆள்கின்றனர். கோழியின் இரைப்பையை அவைக்குக் கொண்டுவந்தமைக்காக எந்த ஆங்கிலேயனும் நாணியதில்லை. நாண வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார் இல்லை. தமிழனுக்கோ அவ்வாறு சொல்லிக்கொடுப்பவர் தெருவுக்கு ஒருவர் இருக்கின்றனர்.

ஒரே பை; இரண்டு பெயர்

ஆங்கிலேயன் மொழிக்கு இவ்வுறுதி எளிதில் வந்ததன்று. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரசவையிலும் முறைமன்றத்திலும் கோமான்களின் மாளிகையிலும் பிரெஞ்சு ஆண்டது. கோயிலிலும் கல்வியிலும் இலத்தீன் ஆண்டது. ஆங்கிலம் உழவன் வாயிலும் இடையன் வாயிலும் கிடந்தது. உயிரோடு மேயும் விலங்குக்கு மேய்ப்பவனின் ஆங்கிலப் பெயரும், சமைத்துத் தட்டில் இட்ட அதன் ஊனுக்கு உண்பவனின் பிரெஞ்சுப் பெயரும் அமைந்த கதையை வால்டர் இசுக்காட்டு 1819ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஐவன்கோ’ என்னும் புதினத்தில் ஒரு பன்றி மேய்ப்பனையும் ஒரு நகைவேழம்பனையும் பேசவைத்துக் காட்டினார்.

அக்கதை பலருக்குத் தெரியும். இரைப்பையின் கதை அத்துணைப் பேருக்குத் தெரியாது. கோழியின் இரைப்பைக்குக் கிரா என்பது பெயர். அது செருமானியக் குடும்பத்துச் சொல். டச்சு, செருமன் மொழிகளில் கழுத்தையும் கழுத்துப்பட்டியையும் குறிக்கும் சொற்களோடு உறவுடையது. கோமான் கையிலேந்தி வேட்டைக்குக் கொண்டுசென்ற வல்லூற்றின் இரைப்பைக்கோ ‘கார்ச்சு’ என்பது பெயர். அது தொண்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். உறுப்பு ஒன்றே, பறவையை வைத்திருந்தவன் யார் என்பதே வேறு. வெறுப்பு மேலிடும்போது ‘என் கார்ச்சு மேலெழுகின்றது’ என்பதும் ஆங்கிலத்தில் உண்டு. ஆண்டான் பறவையும் அடிமையின் பறவையும் ஒரே மொழிக்குள் இன்றும் இருவேறு பெயரோடு திரிகின்றன. வெற்றி கொண்டவன் ஒரு மொழியை எவ்வாறு இரண்டாகப் பிளக்கின்றான் என்பதற்கு இதனினும் சிறிய சான்றும், இதனினும் தெளிந்த சான்றும் வேண்டுமோ?

இவ்வளவுக்கும் மனக்கசப்பைக் குறிக்க மெருகேறிய பொதுச்சொல் ஒன்று ஆங்கிலத்தில் இல்லாமல் இல்லை. ‘இரிசென்ட்’ என்பது அச்சொல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சிலிருந்து வந்தது. மீண்டும் உணர்தல், மிக உணர்தல் என்பதே அதன் அடிப்பொருள். வந்த புதிதில் அதற்குச் சினம் என்னும் பொருள் உறுதிப்படவும் இல்லை. செய்ந்நன்றியை நெஞ்சார உணர்வதற்குங்கூட அச்சொல்லை அந்நூற்றாண்டினர் ஆண்டனர்! நன்றிக்கும் வெறுப்புக்கும் ஒன்றாக நின்ற அச்சொல் பின்னரே ஒருபக்கம் சாய்ந்தது. ஆவணத்தில் எழுத அது பயன்படும். அறிக்கையில் எழுதப் பயன்படும். ஆயின் உண்மையில் உள்ளம் வெந்தவன் அதனோடு நின்றுவிடுவதில்லை. கோழியின் இரைப்பைக்கும் சேவலின் கழுத்துக்குமே திரும்புகின்றான். அடிபட்டவன் தாய்மொழியில் கத்துவது போன்றதே இதுவும்.

மைக்கொம்புச் சண்டை

ஆங்கிலம் பிறமொழிச் சொற்களை வாரி விழுங்கியன்றோ வளர்ந்தது, தமிழும் அவ்வாறே விழுங்கி வளரட்டுமே என்று இங்கு ஒரு தடை எழுப்பப்படும். மண்ணீரலைக் குறிக்கும் சொல் கிரேக்கம், கார்ச்சு பிரெஞ்சு, இராங்கிள் இலத்தீன வழியினது என்று மேலே கூறப்பட்டவற்றையே சான்றாக எடுத்து வீசவும் செய்வர். தடை வலியது போல் தோன்றும், ஆராய்ந்தால் நிற்காது.

அவ்விழுங்கல் விருந்தன்று, வாயில் திணிக்கப்பட்டது. 1066ஆம் ஆண்டின் தோல்வி இல்லையேல் அச்சொற் பெருக்கமும் இல்லை. தோற்றவன் உடம்பில் இருக்கும் வடுவைக் காட்டி, ‘பார், எத்துணை அழகிய அணி! நீயும் வெட்டிக்கொள்’ என்பது அறிவுடையார் செயலாகுமா?

ஆங்கிலேயர் தாமும் அதனை வாய்பொத்தி ஏற்றுக்கொண்டாரல்லர். 16ஆம் நூற்றாண்டில் இலத்தீனச் சொற்களைக் கொட்டி எழுதுவோர் பெருகியபோது, அவற்றுக்கு ‘மைக்கொம்புச் சொற்கள்’ என்று பெயரிட்டு எள்ளினர். மாட்டுக்கொம்பிற் செய்த மைக்கூட்டை இடையிற் கட்டித் திரிந்த ஏட்டறிவாளர் மேல் பொதுமக்களுக்கு இருந்த கடுப்பே அப்பெயர். தாமசு வில்சன் 1553ஆம் ஆண்டில் வெளியிட்ட அணியியல் நூலில் இச்சொற்களைக் கடுமையாக நகையாடினார். கேம்பிரிட்சில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சான் சீக்கு 1557ஆம் ஆண்டில் எழுதிய மடலொன்றில், ஆங்கிலம் பிறமொழிக் கலப்பின்றித் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்றும், கடனே வாங்கித் திருப்பித் தராத குடும்பம் நொடித்துப்போவது போல் மொழியும் நொடித்துப்போகும் என்றும் கருத்துரைத்தார். விவிலியத்தின் ஒரு பகுதியை மொழிபெயர்க்கையில், நூறு வீரர்க்குத் தலைவனைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லை விலக்கி, நூற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்றே ஒரு புதுச்சொல்லை ஆக்கினார். தூயமொழி வேண்டுவோர் பிறமொழி அறியாதவர் என்று பழிப்போர் இவரை எண்ணிப்பார்க்கக் கடவர். கிரேக்கம் அறியாமையால் அன்று, கிரேக்கத்தைக் கரைத்துக் குடித்தமையாலேயே அவர் ஆங்கிலத்தை ஆங்கிலமாக வேண்டினார்.

முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் தார்செட்டு நாட்டுப்புறத்து ஆசிரியரும் சமயத்தொண்டரும் பாவலருமாகிய வில்லியம் பார்ன்சு என்பார் அதே விளக்கைக் கையிலெடுத்தார். 1801 முதல் 1886 வரை வாழ்ந்த இவர், தம் வட்டார வழக்கிலேயே பாக்கள் இயற்றினார். 1878ஆம் ஆண்டில் ஓர் இலக்கண நூல் வெளியிட்டபோது, இலக்கணத்தைக் குறிக்கும் கிரேக்க வழிச் சொல்லைத் தள்ளி, ‘பேச்சு’, ‘கைத்திறன்’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை இணைத்தே அந்நூலுக்குப் பெயர் சூட்டினார். அவர் முயற்சி வெல்லவில்லை என்பது உண்மையே. ஆயின் தோற்றவர் எல்லாரும் பிழைபட்டவர் ஆகார். இத்துணைச் சொற்கலப்புக்குப் பின்னும், ஆங்கிலத்தில் மிக அடுத்தடுத்து வழங்கும் நூறு சொற்களை எடுத்துப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை பழைய ஆங்கிலத்தனவே. கடன் வாங்கியது கூரை, அடித்தளம் அவனுடையது. இங்கோ அடித்தளத்தையே பெயர்த்து விற்றுக் கூரைக்கு ஓடு வாங்கச் சொல்கின்றனர்!

தமிழன் சினத்துக்குப் பெயர் இல்லையா?

இனித் தமிழின் பக்கம் திரும்புக. சினத்தின் வகைகளைத் தமிழ் பிரித்தறிந்த அளவுக்கு நுட்பமாகப் பிரித்தறிந்த மொழிகள் சிலவே. வெகுளியை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களன்கள் நான்கென வகுத்தது தொல்காப்பியம். உறுப்பை அறுத்தல், குடிமக்களை நலிதல், அலைத்தல், கொல்லுதல் என்பன அவை. அவற்றுள் தன்னலத்தால் மட்டும் எழும் சிறுசினத்துக்கு இடமில்லை. கொடுமை கண்டு எழும் சினத்துக்கே இடமுண்டு என்பதைக் கருதுக. கறுப்பு, சிவப்பு என்னும் நிறச்சொற்கள் வெகுளியையும் குறிக்கும் என்று அதே நூலின் உரியியல் கூறும். கறுத்தலினின்று பிறந்த கறுவு, உள்ளே இருண்டு கிடக்கும் பகையைக் குறித்தது. நெடிது நிற்கும் சினம் செற்றம். மரத்தின் உள்வைரத்துக்குப் பெயர் காழ். ஆண்டுக்கு ஆண்டு இறுகி வைரம் பாய்ந்த வெறுப்புக்குப் பெயர் காழ்ப்பு. தேள் கொட்டிய இடத்தில் விண்ணென்று தெறிக்கும் நோவு கடுப்பு. தெறிக்கின்ற எரிச்சலுக்கும் கடுப்பு என்பதே பெயர்.

அன்புடையாரிடத்துத் தோன்றும் மனத்தாங்கலுக்குங்கூட ஊடல், புலவி, துனி என்று படிப்படியாகச் சொல் வைத்த மொழி இது. திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் அதற்கே உரியன. ஒரு கணவனும் மனைவியும் கொள்ளும் சிறுபிணக்குக்கு மூன்று அதிகாரம் ஒதுக்கிய இனத்தானைப் பார்த்து, ‘உன் மொழியில் உணர்ச்சிக்குச் சொல் இல்லை’ என்று ஒருவன் சொல்கின்றான். அதனையும் அவன் தமிழிற் சொல்வதில்லை!

விலங்கின் உறுப்பைக் கொண்டு சினத்தைச் சொல்வது தமிழுக்கு இழிவு என்பார், அதே முறையை ஆங்கிலம் கையாள்வதை மேலே கண்டனர். கொம்பு சீவி விடுதல், படமெடுத்தல், சீறுதல், உறுமுதல், கழுத்தைச் சிலுப்புதல், மயிர் சிலிர்த்தல் ஆகிய யாவும் கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு, உடம்பால் உணர்ந்து ஆக்கிய சொற்கள். சேவலின் ஆக்கில் எழுந்தால் நாகரிகம். அதே சேவல் தமிழில் சிலிர்த்தால் பட்டிக்காடு! இத்தீர்ப்பில் சேவலுக்கு ஒரு பங்கும் இல்லை. ஆண்டவன் எவன், ஆளப்பட்டவன் எவன் என்பதற்கே பங்குண்டு.

விளைவு யாது? ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலிட்டு உருப்போடும் மாணவனுக்கு ஆக்கில் என்பது உறுப்பா, ஊரா என்று தெரியாது. தேர்வில் பொருள் எழுதுவான், மதிப்பெண் பெறுவான். காழ்ப்பு என்பதற்குள் ஒரு மரம் நிற்பதும் அவனுக்குத் தெரியாது. அதனை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லின் வேரைக் காணாதவன் அச்சொல்லை வெறும் ஓசையாகவே எடுத்து வழங்குவான். இரு மொழியிலும் ஓசை மட்டுமே கைவரப்பெற்ற ஒருவன் எந்த மொழியில் தன் நெஞ்சைத் திறப்பான்? பிறமொழி பயில்வது தீதன்று. சீக்கும் பயின்றார், மறைமலையடிகளும் பயின்றார், பாவாணரும் பயின்றார். பயின்றவற்றின் ஒளியில் தம்மொழியின் வேரைக் கண்டதே அவர்தம் பெருமை. கண்டதையெல்லாம் பயின்று தம் வேரை மறப்பது பயிற்சி அன்று, பறிகொடுத்தல்.

முறையிடும் மொழி

மனக்குறைக்குச் சொல் வேண்டும் என்பது பாவலர்க்கு மட்டும் உரிய கவலை அன்று. குறையுடையவன் முறையிட வேண்டும். முறையிட மொழி வேண்டும். இதனை ஆங்கிலேயன் உணர்ந்த ஆண்டு 1362. முறைமன்றங்களில் வழக்குரைகள் ஆங்கிலத்தில் நிகழ வேண்டும் என்று அவ்வாண்டில் சட்டம் இயற்றப்பட்டது. பிரெஞ்சு மொழி நாட்டு மக்களால் அறியப்படாதது. தமக்குச் சார்பாகவும் எதிராகவும் என்ன பேசப்படுகின்றது என்பதை வழக்குடையோரே அறியாமல் நிற்கின்றனர் என்பது அச்சட்டம் காட்டிய கரணியம். அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. அத்துணை ஆழமாக வேரோடியிருந்தது அயல்மொழி! அதன்பின்னும் ஆவணங்களில் இலத்தீனும் சட்டப் பிரெஞ்சும் நீடித்தன. 1733ஆம் ஆண்டிலிருந்தே அவை முற்றாக நீங்கின. ஆங்கிலம் ஆங்கிலேயனின் முறைமன்றத்தில் முழுவுரிமை பெற மேலும் 371 ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டின் நிலை யாது? கீழ்முறைமன்றங்களில் தமிழ் வழங்குவதற்கு இடமுண்டு. சென்னை உயர்முறைமன்றத்தின் மொழியோ ஆங்கிலமே. ஆளுநர், குடியரசுத் தலைவரின் முன்னொப்புதலோடு, மாநிலத்தின் ஆட்சிமொழியை உயர்முறைமன்ற நடவடிக்கைகளில் வழங்க இசைவளிக்கலாம் என்று அரசமைப்பின் 348ஆம் பிரிவு கூறுகின்றது. இப்பிரிவின் வழியே இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர்முறைமன்றங்களில் இந்தி இடம் பெற்றது. தமிழுக்கும் அவ்விடம் வேண்டுமென்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டில் தீர்மானம் நிறைவேற்றியது. ஒப்புதல் கிட்டவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்குத் திறக்கவில்லை. தீர்ப்பு வெளிவந்தபின் அதனைத் தமிழிற் பெயர்த்துத் தருவதாற் குறை தீராது. தன் நிலத்தைப் பற்றியும் தன் உயிரைப் பற்றியும் மன்றத்தில் பேசப்படும்போதே ஒருவனுக்குப் புரிய வேண்டும் என்பதன்றோ 1362ஆம் ஆண்டின் முறையீடு?

ஆங்கிலேயனிடமிருந்து கற்க வேண்டும் என்பார் இதனையன்றோ முதலிற் கற்க வேண்டும்! அவன் கழுத்துப்பட்டியைக் கற்றனர்; தேநீர்க் கோப்பையைக் கற்றனர்; அவன் மொழிக்கு உரிமை கேட்ட கதையை மட்டும் கல்லாமல் விட்டனர்.

புறாவின் ஈரல்

சேக்சுபியர் 1600ஆம் ஆண்டையொட்டி இயற்றிய ‘ஏம்லெத்து’ நாடகத்தில், தந்தை கொலையுண்டிருந்தும் செயலற்று நிற்கும் இளவரசன் தன்னைத்தானே நொந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. தனக்கு வாய்த்தது புறாவின் ஈரல் என்றும், கொடுமையைக் கசப்பாக உணரச் செய்யும் பித்துநீர் தன்னிடம் இல்லை என்றும் அவன் தன்னை இழித்துரைக்கின்றான். புறாவுக்குப் பித்துநீர் இல்லை என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அந்நம்பிக்கையுள் ஓர் உண்மை உண்டு: புறாவுக்குப் பித்துநீர் சுரக்கும், ஆனால் அதனைத் தேக்கிவைக்கும் பை இல்லை. சுரந்தது நேரே குடலுக்கு ஒழுகிப் போய்விடும்.

தமிழன் நிலைக்கு இதனினும் ஒரு படம் வேண்டுவதில்லை. அவனுக்கும் சினம் சுரக்கின்றது. ஒவ்வோர் இழிவின்போதும் சுரக்கின்றது. மறுநாளே ஒழுகிப் போய்விடுகின்றது. தேக்கிவைக்கும் பை இல்லை. அந்தப் பை எது? மொழி! செற்றம் என்னும் சொல்லை மறந்தவன் செற்றத்தையும் மறக்கின்றான். காழ்ப்பு என்பதன் மரத்தை வெட்டியவனிடம் வைரம் எங்ஙனம் பாயும்? தன் குறையைத் தன் சொல்லால் சொல்லாதவன், நாளடைவில், தனக்குக் குறையே இல்லை என்று நம்பத் தொடங்குவான். ஆள்வோர் வேண்டுவதும் அதுவே.

ஆங்கிலேயன் முந்நூறு ஆண்டு அடிமைப்பட்டும் கோழியின் இரைப்பையையும் சேவலின் கழுத்தையும் கைவிடாமையால், மொழி மீண்டபோது அவற்றோடு மீண்டான். உழவன் சொல்லைக் காத்தது அவனை உயர்த்தியதேயன்றித் தாழ்த்தவில்லை. தமிழனும் தன் கொம்பையும் கொடுக்கையும் காழையும் கறுவையும் காப்பானாயின், தன் குறையைத் தன் மொழியில் தன் மன்றத்தில் உரைக்கும் நாள் வரும். அதுவரை, உயர்முறைமன்றத்தின் படியில் நின்று தன் வழக்கு என்னவாயிற்று என்று பிறரைக் கேட்டறியும் ஒவ்வொரு தமிழன் மிடற்றிலும் ஒன்று சிக்கிக் கிடக்கின்றது. அதனை அவன் விழுங்கிவிட வேண்டா. உரக்கச் சொல்லட்டும், தமிழிற் சொல்லட்டும்!